ஒரு மணி நேரம் சும்மா இரு

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் முதல் வரியிலேயே "அத விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன், நாலு மாதமாக இரண்டு பேரும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறோம். தாளில் எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதற்குத்தான்.

வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று பத்து நாளாகச் சொல்கிறார். முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும்தான், பயப்படாதே. அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்த கம்பி வைத்த கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது, அங்கே எதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய சட்டைகளை பஸ் டிப்போவில் அவரோடு வண்டி ஓட்டியவர் ஒருவர் வாங்கிப் போனார். காக்கியை மட்டும் கொடுக்கவில்லை.

நீ கொடுத்த வேலையை நான் நிறுத்தவில்லை. இடத்துக்குத் தகுந்தபடி போனை நடக்க வைக்கிற உன் ஆப்புக்குத் தமிழில் வருகிற கோரிக்கைகளை எல்லாம் படித்து நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வைக்கிறேன். மின்சார ஆபீசில் இருபத்தாறு வருஷம் புகார் எழுதியவள் நான், எண் போடாத புகார் புகாரே இல்லை. நீ ஆப்பை யாரும் புதிதாக எடுக்க முடியாதபடி மூடிவிட்டாய், ஆனால் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு நர்ஸ் கேட்கிறாள், வார்டுக்குள் நுழைந்ததும் போன் தானாக ஊமையாகிவிடுகிறது, நல்லது, ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற அழைப்புக்கு மட்டும் வாய் திறக்க வேண்டுமாம். ஒரு லாரி டிரைவர், மேம்பாலம் தாண்டியதும் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று மனைவிக்குத் தானாகச் செய்தி போவது பிடித்திருக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதினார், குறிப்பிட்ட ஒரு கடை வாசலில் நின்றால் அந்த விவரம் போகக்கூடாது என்று இரண்டாவது கடிதத்தில் எழுதினார். இன்னொருவருக்கு மேலதிகாரி நூறு அடிக்குள் வந்தால் போன் துடிக்க வேண்டுமாம். அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு, எனக்கும் அந்த வசதி முப்பது வருஷம் முன்னால் கிடைத்திருக்கக் கூடாதா என்று சிரித்திருப்பார். கடைசி வருஷம் சிரித்திருக்க மாட்டார், உண்மையைச் சொன்னால்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். இரண்டு வருஷம் முன்னால் அப்பா வழி மறந்து போக ஆரம்பித்தபோது, கதவைப் பூட்டினால் பயந்துபோய் இடிக்கிறார் என்று நான் அழுதேன். நீதான் உன் ஆப்பை வைத்து அவர் போனில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாய். அதைத் தாண்டினால் என் போன் கத்தும். என் நம்பரையும் போடட்டுமா, எனக்கும் அடிக்கட்டும் என்று கேட்டாய். நீ அங்கே தூங்குகிற நேரம், வேலை நேரம், உன்னை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும், நான் ஒருத்தி போதும் என்று வீறாப்பாகச் சொன்னது நான்தான். அப்புறம் அந்த ஆப் என் உயிரை வாங்கியது. அவர் நாற்காலியில் என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே தெருவில் போகிறார் என்று கத்தும், கொல்லைப் பக்கம் துணி காயப் போட்டால் கத்தும். ஒரு நாள் பொறுக்காமல், இதை ஒரு மணி நேரம் சும்மா இருக்கச் சொல்ல ஒரு பொத்தான் கொடுடி என்று உன்னிடம் கேட்டேன். நோட்டில் பார், கோரிக்கை எண் ஒன்று, என் கையெழுத்துதான். நீ முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம்மா, அப்புறம் கை தானாப் போய் அமுக்கும்" என்றாய். நான் சண்டை போட்டு வாங்கினேன்.

அப்பா போன அன்றைக்கு, உன்னிடம் சொன்னதுபோல, நான் மருந்துக் கடை வரிசையில் நிற்கவில்லை, வாலு. சினிமாவுக்குப் போயிருந்தேன். மதியக் காட்சி, தனியாக. அவர் சாப்பிட்டு மாத்திரை போட்டால் மூன்று மணி நேரம் அசைய மாட்டார், தினமும் அப்படித்தான். நான்கு வருஷமாக நான் ஒரு படம் பார்த்ததில்லை. வழியில் சுவரொட்டியைப் பார்த்தேன், கால் உள்ளே போய்விட்டது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. நல்ல சிரிப்புப் படம். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது போன் கத்தியது. பின்னால் இருந்த ஒருவர், "போன அணைங்கம்மா" என்றார். எப்போதும் போலப் பொய்யாகத்தான் கத்துகிறது என்று பொத்தானை அமுக்கினேன். ஒரு மணி நேரம் கழித்து, இன்னும் வட்டத்துக்கு வெளியே இருக்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டது. அதைப் படிக்கக்கூட இல்லை, மறுபடி அமுக்கினேன். வீட்டுக்கு வந்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது. அப்போதுதான் போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன், அவருடைய புள்ளி டிப்போவில் அசையாமல் நின்றது. அங்கே ஏலத்துக்கு நிறுத்திய பழைய வண்டிகளில் ஒன்றில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. வெளியே தகரத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. காக்கிச் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார், பையில் போன் இருந்தது. முதல் அலாரத்துக்கே ஓடியிருந்தால் அவர் வாசலைத் தாண்டித் தெருமுனையில்தான் இருந்திருப்பார். இதை நான் ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஒரு தடவையும் வேறு விடை வரவில்லை.

அலாரம் அடிக்கவே இல்லை என்று உன்னிடம் சொன்னேன். டிப்போ காவலாளி, டாக்டர், துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் அதையேதான் சொன்னேன். நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு வாரத்தில், அலாரம் அடிக்காமல் ஒரு வீட்டில் உயிர் போய்விட்டது, பிழை எங்களுடையது, மன்னிக்கவும் என்று அறிவிப்புப் போட்டு ஆப்பை மூடினாய். ஐந்து வருஷ உழைப்பு. பாவி, நான் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வாரம் கோரிக்கை எண் இருநூற்று எட்டு வந்தது. மாமியாரைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண். "எங்க போன்ல 'நடந்தவை'னு ஒரு பக்கம் இருக்கு, எப்ப அடிச்சது, யாரு அமுக்குனதுன்னு எல்லாம் எழுதியிருக்கு, அலாரம் அடிக்கலன்னு போட்டீங்களே, அந்த வீட்டுல அதப் பாத்தீங்களா" என்று கேட்டிருந்தாள். அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. திறந்தேன். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அலாரம். அடுத்த நிமிடம் என் விரல். மூன்று ஐம்பத்து மூன்றுக்கு மறுபடி என் விரல். அடியில் இன்னொரு வரி இருந்தது, இந்தப் பக்கத்தை வாலு திறந்து பார்த்தாள், மறுநாள் காலை பத்து பத்து. அப்பாவை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாய்.

நீ என்னைக் காப்பாற்றினாயா, இல்லை என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்கக்கூட வெறுத்துவிட்டாயா, எனக்குத் தெரியவில்லை. உன் போன் பேச்சு வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பொய்யை நீ சுமக்கக் கூடாது. நோட்டில் இருநூற்று ஒன்பதாவதாக என் பெயரில் எழுதியிருக்கிறேன், அறிவிப்பை மாற்ற வேண்டும், ஆப் சரியாக அடித்தது, வீட்டுக்காரி அணைத்தாள் என்று போட வேண்டும். பெயர் போட்டாலும் சரி. அந்தப் பொத்தானை எடுத்துவிடாதே. அந்த மாமியார் வீட்டுப் பெண் இன்னொன்றும் கேட்டிருக்கிறாள், ஒரு மணி நேரம் போதவில்லை, இரண்டு கொடுங்கள் என்று. அவள் எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். கொடு. ஆனால் ஒருத்தி அணைத்தால் அதே நொடியில் வேறு ஒருவர் போனில் அடிக்க வேண்டும். அப்படி ஒருவர் நம்பர் இல்லாமல் பொத்தானே வேலை செய்யக் கூடாது. நான் ஒருத்தி போதும் என்று எவளாவது சொன்னால் ஆப் கேட்கக் கூடாது.

அப்பாவின் வட்டத்தை நான் அழிக்கவில்லை. நேற்று அதில் என் போனைப் போட்டு, அடிக்க வேண்டிய இடத்தில் உன் நம்பரைப் போட்டேன், கற்றுக்கொள்ள அரை நாள் ஆனது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க நான் தெருமுனை தாண்ட வேண்டும். அதனால் இது உன் கைக்கு வருவதற்குப் பல நாள் முன்பே உன் போன் ஒரு தடவை கத்தியிருக்கும், அம்மா வட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்று. வேலையில் இருந்திருப்பாய், அமுக்கியிருந்தாலும் தப்பில்லை. அந்த 'நடந்தவை' பக்கத்தை நான் திறந்து பார்க்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேண்டுவது ஒன்றும் இல்லை. அறிவிப்பை மாற்ற மறக்காதே.

உன் முகத்தை நேராகப் பார்க்க ஆசைப்படும்,
அம்மா