திரியாத பால்

மே 8, வியாழன்

இல்லை, பயம் என்று சொல்ல முடியாது. பயந்தால் என் அக்கா கௌரி பாத்திரம் தேய்ப்பாள். இன்று தேய்க்கவில்லை. பாலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்னி நட்சத்திரம். திருவேற்காட்டு ஃப்ளாட்டில் காலை ஏழுக்கே சுவர் சூடு. மூன்றாவது தடவையாகப் பால் உறையவில்லை. சீஸுக்கு உறையூற்றும் மருந்து விட்டு ஒரு மணி நேரம். கட்டியாக நிற்க வேண்டியது, கஞ்சித் தண்ணீர் மாதிரி.

அக்கா வேலையை விட்டு எட்டு மாதம். படுக்கையறையில் இரண்டாவது ஃப்ரிட்ஜ், அதில் பதினோரு சீஸ் வட்டுகள். தினமும் ஒவ்வொன்றையும் புரட்டிவிடுகிறாள், தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பதுபோல. பழைய ஆபீஸ் திரும்பக் கூப்பிடுகிறது. திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உறையலன்னா போயிடறேன்." வெண்டைக்காய் நறுக்கியபடி சொன்னாள்.

லீவு போட்டேன். காரணம்: குடும்ப விஷயம். பொய் இல்லை.

திட்டம்: இந்தப் பக்கம் சீஸ் செய்கிறவர்களைப் போய்ப் பார்ப்பது. தின்பது. கேட்பது.

மே 9, வெள்ளி

அம்பத்தூர். மோகன் அண்ணன். முன்னால் லேத் பட்டறை, பின்னால் ஏ.சி. போட்ட ஒற்றை அறை. சீஸை கார் ஜாக்கி வைத்து அழுத்துகிறார். பக்கத்தில் இரும்புத் தூள் வாசனை, கதவைத் திறந்தால் மோர் வாசனை. இரண்டுக்கும் நடுவில் நின்று தின்றோம்.

மிளகு போட்டது: கெட்டி, உப்பு கூடுதல், கடைசியில் பாதாம் போல ஏதோ.
நான்கு மாதம் ஆனது: நாக்கில் மணல் மணலாக. கௌ. கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் பொறாமை, அவள் சார்பில்.

லேத்தில் நின்றவர் எட்டிப் பார்த்தார். "இன்னா மாமே, எனக்கு ஒரு நாளாவது குட்த்தியா?"

"நீ போன வாரம் துன்னுட்டு சோப்புன்னு சொன்னவன்டா."

பாட்டிலில் எங்கள் பால் கொண்டு போயிருந்தோம். மோகன் அண்ணன் இரண்டு டம்ளர் எடுத்தார். எங்கள் பாலில் அவர் மருந்து. அவர் பாலில் எங்கள் மருந்து. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அவர் பால் கல்லாக. எங்கள் பால் பாலாகவே.

"மருந்து மேல தப்பு இல்லம்மா. பால்ல இன்னாவோ கீது."

கௌ. டம்ளரைக் கழுவி வைத்தாள்.

ரயிலில் பட்டாபிராம். எதிர் சீட்டு அம்மா போனில்: "அவன் ஆவடில எறங்கிட்டான், பை மட்டும் எங்கூட வந்துகினு கீது."

மாலினி. திருநெல்வேலிக்காரி, புது அடுக்ககத்தில் நான்காவது மாடி. ஆட்டுப்பால் சீஸ் உருண்டைகள், இட்லிப் பொடியில் புரட்டியது. சிரித்துக்கொண்டே வாயில் போட்டேன். பிறகு சிரிப்பு நின்றது. புளிப்பு, எள், காரம். நான்கு தின்றேன். கௌ. இரண்டு.

மாலினி எங்கள் பாலில் புளிப்பு பார்க்கும் தாள் பட்டை ஒன்றை நனைத்தாள். நிறம் மாறியதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "சோடா போட்ருக்காவ, அக்கா. ஆப்ப சோடா. அதான் உறைய மாட்டேங்கு."

கௌ.: "தனம் அக்கா அப்படி செய்ய மாட்டாங்க."

திரும்பும்போது ஜன்னல் பக்கமே முகம்.

தனம் அக்கா நசரத்பேட்டையில் மாடு வைத்திருப்பவர். எட்டு மாதமாக அவர் பால்தான். கௌ.வுக்கு நெற்றியில் விபூதி வைத்து அனுப்புகிறவர். இதில் இன்னொன்றும் இருக்கிறது: பால் எதற்கு என்று கௌ. அவரிடம் உண்மையைச் சொன்னதில்லை. வேண்டுமென்றே திரிக்கிறோம் என்றால் மாட்டுக்காரர்கள் தரமாட்டார்கள், மடி வற்றிவிடும் என்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் பால்கோவாவுக்கு என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

ஏமாற்றியது யார் என்று யோசித்தேன்.

மே 10, சனி

நசரத்பேட்டை. ஹைவே சத்தம் கொட்டகைக்குள்ளும் வருகிறது. மாடுகள் பழகிவிட்டன.

கௌ. கேட்க மாட்டாள் என்று தெரியும். நான் கேட்டேன். "அக்கா, பால்ல ஏதாவது போடுவீங்களா?"

"ஆமா. சோடா. ஒரு சிட்டிகை." தயக்கமே இல்லை. கொஞ்சம் பெருமை கூட. "வெயில் ஏறனதுலேர்ந்து போட்டுகினு கீறேன். இந்தப் பொண்ணு ஸ்கூட்டில வெச்சிகினு அம்மாந்தூரம் போவுது. ஊடு போறதுக்குள்ள திரிஞ்சிட்டா பாவம் இன்னா பண்ணும்? பக்கத்து ஊட்டுக்கெல்லாம் போடறதில்ல. இதுக்கு மட்டும்தான்."

கௌ. தரையைப் பார்த்தாள். "நாங்க திரிக்கத்தான் வாங்கறோம், அக்கா."

பையிலிருந்து ஒரு துண்டு சீஸ் எடுத்து நீட்டினாள். மார்கழியில் செய்தது. முதல் வட்டு.

தனம் அக்கா வாங்கவில்லை. "அப்போ பால்கோவா?"

"பொய்."

"எட்டு மாசமா?"

"ஆமாக்கா."

மாட்டின் முதுகில் ஒரு ஈயை விரட்டினார். இல்லாத ஈ என்று நினைக்கிறேன்.

"கன்னு போட்டா சீம்பால கட்டியாக்கித் துன்றவங்க நாங்க. எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி பயம் உனக்கு? பாலு திரிஞ்சிதுன்னா கூட எனக்கு ஒண்ணுமில்ல. நீ பொய் சொன்னதுதான்."

கௌ. அழுதாள். சத்தமில்லாமல், மூக்கால். கை நீட்டியபடியே இருந்தது. தனம் அக்கா துண்டை எடுத்து முகர்ந்து, மூலையைக் கடித்தார். ரொம்ப நேரம் மென்றார்.

"உப்பு தூக்கலா கீது." இன்னொரு கடி. "நாளைக்கு வா. வெறும் பால் தரேன். ஆனா மொத சொம்ப திரிக்கக் கூடாது. காய்ச்சிக் குடிச்சிட்டு மத்ததெல்லாம் இன்னாவோ பண்ணிக்கோ."

மீதித் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டார். யாருக்கு என்று சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

ஐந்தரைக்குக் கிளம்பி ஆறேகாலுக்குப் பால் வாங்கினோம். தனம் அக்கா விபூதி வைக்கவில்லை. தூக்கின் மூடியைத் தானே இறுக்கி, மேலே ஈரத் துணி சுற்றிக் கொடுத்தார்.

வழியெல்லாம் தூக்கு என் மடியில். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

முதல் சொம்பு காய்ச்சி ஆளுக்குப் பாதி. சர்க்கரை போடாமல். மீதி அடுப்பில், இளஞ்சூடு, மருந்து, மூடி. கௌ. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தாள். நான் எதிர் ஃப்ளாட்டில் காயும் துணிகளை எண்ணினேன். பதினேழு.

முக்கால் மணி. கத்தியை விட்டாள். உறைந்த பால் இரண்டாகப் பிளந்து, பிளந்த இடத்தில் தெளிந்த நீர் ஊறியது. இன்னொரு இடத்தில் கத்தி. அங்கேயும். மூன்றாவதாக என்னிடம் கத்தியைக் கொடுத்தாள்.

பிறகு ஆபீஸுக்கு போன் செய்தாள். ஞாயிறு என்றுகூடப் பார்க்கவில்லை. "வரல சார்... இல்ல சார், வேற கம்பெனி இல்ல... பால் சார்."

அடுத்தது தனம் அக்காவுக்கு. அதற்கு பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

நான் வெள்ளைத் துணியை வெந்நீரில் அலசிப் பிழிந்து, வடிதட்டின் மேல் விரித்தேன்.