சர்வருக்குப் புது பென் டிரைவ்

காவ்யா,

செய்யாறு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை.

வீட்டு சர்வருக்குப் புது பென் டிரைவ் போட்டுவிட்டேன். மேலே செல்லோ டேப் ஒட்டியிருக்கிறேன், பிடுங்காதே. அதே போல் ஒரு நகல் பீரோவில், உன் அண்ணியின் முகூர்த்தப் புடவைக்கு அடியில் இருக்கிறது. கரண்ட் போய் வந்து சர்வர் கிளம்பாவிட்டால் அதைச் செருகு.

"சும்மா தொங்கிகினு இருந்துச்சுண்ணா, தறிக்கு அட்டை குத்துற கடைக்கு டிசைன் எடுத்துனு போகத்தான் ஃபார்மட் பண்ணேன்" என்று நேற்று அழுதாய். "அவ விட்டுட்டுப் போனதையும் அழிச்சிட்டியே" என்று கத்தினேன். அது பொய். அந்த பென் டிரைவ் சர்வரைக் கிளப்ப மட்டும்தான். உன் அண்ணி வரைந்த புடவை டிசைன்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன. கத்தும்போதே எனக்கு அது தெரியும்.

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். காலேஜுக்குக் கிளம்பும்போது சாவியைக் கீழ்வீட்டில் கொடு.

அண்ணன்

பழைய பென் டிரைவ் கெடவில்லை. டிவி மேல் இருக்கிறது, நீ வைத்துக்கொள். அவள் இறந்த பிறகு நான் யாருக்கும் தராமல் வைத்திருந்த, அவள் வரைந்த கடைசி பார்டர் டிசைனை அதில் போட்டிருக்கிறேன். அட்டை குத்தக் கொடுத்துவிடு.