வேலிக்கு உள்ளே முயல்

பிப்ரவரி 9

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? உங்கள் மகள் கேட்கச் சொன்னாள். நானே கேட்பதுபோல் கேட்கச் சொன்னாள்.

உங்கள் அலுவலகத்தை விட்டு நான் வந்தபிறகு எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை. அவற்றில் சமாதானம் பேசினேன். அது என் தப்பு. இதில் முயலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் மறுபடியும் காய்கறித் தோட்டம் போட எண்ணம். போன தடவை வைத்த பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் முளைத்த சூட்டோடு முயல் வாய்க்குப் போயின. மிளகாய்த்தூள் தூவினேன், மழை கரைத்தது. என் பழைய கறுப்புக் கோட்டை மாட்டிப் பொம்மை நட்டேன். அதன் நிழலில் உட்கார்ந்து தின்றன. "முயலே பயப்படல, கோர்ட்ல யாரு இந்தக் கோட்டுக்குப் பயப்படப் போறாங்க?" என்கிறாள் உங்கள் மகள்.

உங்கள் தோட்டத்தில் ஓர் இலையைக்கூட முயல் தொட்டதில்லை. ஆகவே இரண்டு கேள்விகள். வேலி எப்படி இருக்கவேண்டும்? எதை எங்கே நடவேண்டும்?

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முட்டியைப் பற்றிய கேள்வியைத் தாங்கள் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் விடுகிறேன்.

முதல் கேள்விக்கு: கம்பிவலை வேண்டும். அதன் கண் ஓர் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தரைக்கு மேலே மூன்றடி, கீழே அரையடி. புதையும் ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்கவேண்டும். முயல் எப்போதும் வேலியை ஒட்டியே தோண்டும்; அந்த மடிப்பில் அதன் நகம் தோற்றுப்போகும். கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாதபடி கல் பதிக்கவும்.

இரண்டாவது கேள்விக்கு: ஓரத்தில் வெங்காயமும் பூண்டும், அதற்கு உட்புறம் தக்காளியும் கத்தரியும், நட்டநடுவில் பீன்ஸ், கேரட், கீரை. ஆனால் வாசனையை நம்பிவிடக் கூடாது. பசித்த முயல் பூண்டை மிதித்துக்கொண்டு உள்ளே போகும். நம்பத்தக்கது வேலி ஒன்றே.

தாங்கள் என்னிடம் தொழில் பழகியவர். சாட்சிகளுக்கு நாம் சொல்லித்தருவது நினைவிருக்கும்: கேட்டதற்கு மட்டும் பதில்; அந்தப் பதில் முழுக்க உண்மை. தாங்கள் அதை என்னிடமே செய்து காட்டினீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, "திங்கட்கிழமை வருவியா தம்பி?" என்று கேட்டேன். "வரேன் சார்" என்றீர்கள். வந்தீர்கள், மேஜையைத் தூக்கிப்போக இரண்டு ஆட்களோடு. எதிர்மாடியில் தங்கள் பெயர்ப்பலகை ஏறியிருப்பதை என் கட்சிக்காரர் ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். அதன்பின் அவரும் எதிர்மாடிக்குத்தான் ஏறினார். தாங்கள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மேற்கண்ட என் பதில்களிலும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்


மார்ச் 18

அன்புள்ள மாமா,

பதில் எழுதினீர்களே, அதுவே போதும். திட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே வேலி போட்டாயிற்று. மடிப்பைப் பார்த்துவிட்டு வேலி கட்டுகிறவர், "என்ன சார், முயலுக்கு ஜெயிலா கட்டறீங்க?" என்று சிரித்தார். மூலையை மட்டும் கிளறாமல், அங்கே இருக்கும் பூசணிக்கொடியும் புதருமாக அப்படியே உள்ளே வைத்து வளைத்துவிட்டோம். பீன்ஸ் பாத்தியோரம் காய்ந்த புல் மூடிய ஒரு சின்னக் குழி. அதன்மேல் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பஞ்சு. பழைய தலையணைப் பஞ்சு காற்றில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். விதைகள் முளைத்துவிட்டன.

ஒரே கேள்வி. கதவை எவ்வளவு நாள் மூடிவைக்க வேண்டும்?

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 23

மாப்பிள்ளை அவர்களுக்கு,

எப்போதும். அதைத் திறந்துவைக்க எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

வேறெதுவும் தாங்கள் கேட்கவில்லை. விளைச்சலைப் பற்றி விவரமாக எழுதவும். தங்கள் கடிதத்தை இவ்வளவு ஆவலோடு நான் எதிர்பார்த்ததில்லை. இது வந்த நாளிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்


ஏப்ரல் 20

மாமா,

விளைச்சலைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னீர்கள். வெங்காயம் மிச்சம்.

வேலிக்கு வெளியே முயல் இல்லை. உள்ளே இருந்தது. புதருக்குள் தாய், அந்தக் குழிக்குள் ஆறு குட்டிகள். நீங்கள் சொன்ன வேலி அருமையான வேலி. ஒன்றுகூட வெளியே போக முடியவில்லை. போக வழியில்லாமல் எல்லாவற்றையும் தின்று தீர்த்தன. கதவைத் திறந்ததும் தாய் ஓடிவிட்டது. பாதி வளர்ந்த குட்டிகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.

"பாவம், உங்கப்பா இதைச் சொல்ல மறந்துட்டார்" என்றேன். உங்கள் மகள் வெறும் பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பாவா, மறக்கறவரா? எனக்கு எட்டு வயசு. வேலியைச் சாத்தறதுக்கு முன்னாடி முட்டி போட்டுப் பாத்தி பாத்தியாத் தடவிப் பாத்தாரு. பஞ்சு கெடந்த குழியில குட்டிங்க. முயல் தன் வயித்து முடியைப் பிடுங்கிப் போட்டு மூடும் பாப்பான்னு சொல்லி, ஒண்ணை எடுத்து என் கையில வெச்சாரு. எல்லாத்தையும் வெளிய விட்டுட்டுத்தான் கதவையே சாத்தினாரு. நீங்க பஞ்சுன்னு வேற எழுதிக் குடுத்திருக்கீங்களே!"

நானும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அந்தத் தோட்டம் என்னுடையதல்ல, அவளுடையது. முதல் காயைப் பறித்துக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்கவேண்டும் என்பது அவள் திட்டம். எழுத வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான்.

அவள் கேட்கச் சொன்ன கேள்வி இது. மறதியா, தெரிந்தேதானா? மறதி என்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்கிறாள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 24

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தெரிந்தேதான்.

மறதி என்று எழுதியிருந்தால், அதை மறுக்கத் தங்களிடம் ஆதாரமில்லை. இரண்டு முறை எழுதியும் பார்த்தேன். குட்டியைக் கையில் வைத்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கும் நினைவிருக்கிறது. ஆகவே கிழித்துவிட்டேன்.

வெறும் பாத்தியில் தாங்கள் உட்காரவேண்டும் என்று விரும்பினேன். அவளல்ல. தோட்டம் அவளுடையது என்று தெரியாது என்பதை என் தரப்பு வாதமாக வைக்கவில்லை. தங்களைப் பற்றிய என் கருத்தில் மாற்றமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன். அழைப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது, அது நிறைவேறவில்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 29

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் மகள் கூடையைத் தேடினாள். எதற்கு என்று கேட்டேன். "குட்டி பிடிக்க" என்றாள். முழுக்க உண்மை. மிச்சத்தை இன்று காலை அவள் திரும்பி வந்தபிறகுதான் அறிந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"அப்பா, நீங்க காலையில நடக்கப் போனப்ப வந்தேன். ஆறு குட்டியையும் உங்க தோட்டத்துலயே விட்டிருக்கேன். முட்டைக்கோஸ் நல்லாப் பெருசா வந்திருக்கு, அதுங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டாச்சு. சாவி எங்கிட்ட. வேலியைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம், அது உங்க வேலி."

மாப்பிள்ளை


மே 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

குட்டிகள் ஆறும் நலம். முட்டைக்கோஸ் இல்லை. பீன்ஸ் நேற்று முடிந்தது. நாற்காலி போட்டு வேலிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டேதான் தின்கிறது. பாப்பா என் பிள்ளை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பூட்டை நான் உடைக்கவில்லை. வேலி மூன்றடிதான், ஆனால் காலைத் தூக்கித் தாண்ட முடியவில்லை. பிப்ரவரி மாதம் முட்டியைப் பற்றித் தாங்கள் கேட்டதற்கு இதுவே பதில். அவளிடம் அப்படியே சொல்லவும்.

கதவைத் திறக்க அவள்தான் வரவேண்டும். வருவாளா என்று கேட்கமாட்டேன். அந்தக் கேள்வியைத் தங்களிடம் ஒருமுறை அப்படிக் கேட்டு ஏமாந்தவன் நான். என்றைக்கு வருகிறாள், எதற்காக வருகிறாள், எவ்வளவு நேரம் இருப்பாள், கூட யார் வருகிறார்கள் என்பதையெல்லாம் தெளிவாக எழுதவும்.

கூட வருகிறவருக்கும் நாற்காலி இருக்கிறது. தூக்கிக்கொண்டு போகாமலிருந்தால் சரி.

இப்படிக்கு,
மாமா