குப்பை சுமந்த பூச்சி

கிராணி ஐயா,

இன்று காலை ஜன்னல் வலையில் ஒரு பச்சைப் பூச்சி உட்கார்ந்திருந்தது. உடம்பைவிட நீண்ட கண்ணாடி இறக்கை, பொன் நிறக் கண். பேத்தி போனில் தேடிப் பார்த்து, "தாத்தா, இதுல ஒரு சாதி சிலோன்ல மட்டும்தான் இருக்காம்" என்றாள். அவளையே உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைக்கிறேன். எனக்கு எழுத்து இன்னும் வரவில்லை.

குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி அடையாள அட்டை வைத்திருந்தவர்களிடம் வேலை பெர்மிட் கேட்டார்களே, கிடைக்காதவர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்களே, அந்த வருடம். குவாலா சிலாங்கூர்ப் பக்கம் நம் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் கன்றுகள் ஆளுயரம் வந்திருந்தன. என்னிடமும் சிவப்பு ஐசிதான்.

இலை தின்னும் கூட்டுப்புழுவை எண்ணுவது என் வேலை. ஒரு புழுவுக்கு ஓர் ஈர்க்குத் துண்டு ஒடித்துப் பையில் போடுவேன். மாலையில் தோட்டத்துக் கணக்கெழுதும் நீங்கள் ஈர்க்கை எண்ணிப் புத்தகத்தில் ஏற்றுவீர்கள். கூட்டுப்புழு, காய்ந்த இலைத்துணுக்கால் கூடு கட்டி அதற்குள் தொங்கும். அன்று வேறொன்றையும் கண்டேன். முதுகில் குப்பையைச் சுமந்துகொண்டு இலைமேல் ஓடியது. அதற்கும் ஈர்க்கு ஒடித்தேன்.

சைக்கிளில் வந்த நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

"தம்பி, உது கூட்டுப்புழு இல்லை. மற்றப் பூச்சியளைப் பிடிச்சுத் தின்னுறது. வளர்ந்தால் பச்சையாப் பறக்கும். எங்கட ஊரிலயும் இதின்ர இனம் இருக்கு. எண்ணாதை."

"சிலோன் பூச்சிங்களாய்யா? அப்ப அதுக்கும் சிவப்பு ஐசிதானா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள். மேசையில் உட்காருகிற மனுஷனுக்குப் புழுவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். மாலையில், "அதுகளைச் சேர்க்கேல்லைத்தானே?" என்று கேட்டீர்கள். "இல்லைங்கய்யா" என்றேன். பையில் பாதிக்கு மேல் அவைதாம்.

எண்ணிக்கை கூடிப்போனதால் தோட்டத்துத் துரை மருந்தடிக்கச் சொன்னார். வெளியே ஓடித்திரிந்த பூச்சி செத்தது. கூட்டுக்குள் இருந்த புழு பிழைத்துப் பெருகியது. சில மாதத்தில் கன்றுகள் வெறும் மட்டையாக நின்றன. துரை வரவழைத்த, பூச்சிகளைப் பற்றிப் படித்தவர், மருந்து படாத ஓரத்தில் ஓடிய ஒன்றைக் காட்டி, "இதையுமா புழுவென்று எண்ணினீர்கள்?" என்று கேட்டார்.

ஆபீஸ் வாசலில் துரை தமிழிலேயே கத்தினார். எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ர பிழை, துரை. நான்தான் கூட்டி எழுதிப்போட்டன்" என்றீர்கள்.

அந்த மாதமே உங்களை அனுப்பிவிட்டார்கள். லோரியில் உங்கள் கட்டிலை ஏற்றியவன் நான். உங்கள் மகள் சரோஜினி, "ஏனப்பா கவனமில்லாம எழுதினீங்கள்?" என்று அழுதாள். நீங்கள் என் பக்கம் வந்து, "வேலை போனா உன்னைக் கப்பலேத்திப்போடுவாங்களடா" என்று மட்டும் மெல்லச் சொன்னீர்கள்.

பிறகு எனக்குக் குடியுரிமையும் நீல ஐசியும் கிடைத்தன. கல்யாணம், பிள்ளைகள், ரவாங்கில் இந்த வீடு. உங்கள் சாவுக்குக் கிள்ளானுக்கு வந்தேன். "கணக்குல பிழை விட்டு வேலையத் தொலைச்ச மனுசன், பாவம்லா" என்று யாரோ சொன்னார்கள். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறாள்: "இத யாருக்குத் தாத்தா அனுப்புறது?"

துரை இல்லை. மண்டோரும் போய்விட்டார். அந்த லோரிக்குப் பக்கத்தில் நின்றவர்களில், என்னை விட்டால், உயிரோடு இருப்பது ஒருத்தர்தான், இன்றுவரை உங்களைக் கவனமில்லாத அப்பாவென்று நினைத்துக்கொண்டு. உறைமேல் அந்தப் பெயரை எழுதச் சொன்னேன்.

சரோஜினி.