மூடாத எட்டு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் அத்தானின் கால்கட்டைப் பிரித்துவிட்டார்கள். தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். நடக்கும்போதெல்லாம் நான்தான் படியில் தள்ளிவிட்டேன் என்பதுபோல முறைக்கிறார். நீ அவரைப் பற்றி ஒரு வரிகூட விசாரிக்கவில்லை. ஆனால் மூன்று கடிதங்களிலும் மறக்காமல், "அருங்காட்சியகத்துல அந்தப் பெரிய துப்பாக்கிய யாராவது தொட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாய். ஆபீசில் எனக்குத் 'துப்பறியும் அக்கா' என்று பெயர் வைத்தவனே நீதான். அதனால் கேட்கிறேன், அந்தக் கேள்வி எதற்கு?

தொட்டுவிட்டார்கள். பழைய ஆயுதங்களைப் பரிசோதிக்க மேலிடத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பதிவேடு என் பொறுப்பு என்பதால் கூடவே நின்றேன். அந்த இயந்திரத் துப்பாக்கியின் மேல் சாக்பீஸைத் தேய்த்தார். அடித்திருந்த எண்களெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. மேல்மூடியில் 4826, உடலிலும் 4826, நம் பதிவேட்டிலும் அதேதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அதை முக்காலியிலிருந்து இறக்கிக் கவிழ்க்கச் சொன்னார். அடியில் வேறொரு தொழிற்சாலையின் முத்திரை, நம்முடையதைவிட இருபது ஆண்டு பிந்திய தேதி. "மூடி மட்டுந்தான் உங்களோடது. உடம்பு வேற எங்கேயோ பொறந்தது. பழைய நம்பரை அரம் போட்டு அழிச்சிட்டு, உங்க நம்பரை அடிச்சிருக்காங்க" என்றார். குழலையும் உள்ளே அடைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்; இது சுடவே சுடாது. நம்முடையது எண்ணெய் போட்டால் சுடும் என்று பதிவேட்டில் இருக்கிறது.

அவர் கண்ணில் படாத ஒன்று என் கண்ணில் பட்டது. உடலில் அடித்த எட்டின் கீழ்ச்சுழி மூடவில்லை. வலப்பக்கம் ஓர் இழை விட்டுப்போயிருக்கிறது. மூடியில் உள்ள எட்டு முழுசாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், என் கட்டிலுக்கடியில் நீ போட்டுவிட்டுப்போன கருவிப்பெட்டியைத் திறந்தேன். நம் அருங்காட்சியகப் பட்டறையில் வேலை பார்த்தபோது, உன் பணியாளர் எண் 38 என்று ஸ்பேனர்களில் அடித்து வைத்திருப்பாயே! பதினொரு ஸ்பேனரிலும், உன் எண் அச்சு அடித்த எட்டு அதே இடத்தில் மூடவில்லை. பூதக்கண்ணாடியோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு விடுவேனா? பார்வையாளர் புத்தகத்தைப் புரட்டினேன். உனக்கு வெளிநாட்டு வேலை வாங்கித் தந்த ஏஜென்ட் நாலு முறை வந்திருக்கிறார். சிலையையும் ஓவியத்தையும் பார்க்கிற முகமா அது? அவர் கடைசியாக வந்த வாரம்தான், துரு நீக்க வேண்டுமென்று நீ துப்பாக்கியைப் பட்டறைக்கு எடுத்துப் போனாய். அடுத்த மாதமே விமானம் ஏறிவிட்டாய். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

காவலாளியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாவி அவரிடம்தான் இருந்ததாம். நேற்று நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க தம்பிக்கு ஒரு ஃபோன் போடுங்கம்மா. நான் அப்படிப்பட்டவன் இல்லன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கத் தோன்றாமல் நின்றேன். அவர் போன பிறகு அழுதேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. நம் துப்பாக்கி இப்போது யார் கையில் இருக்கிறது? எந்த ஊரில் சுட்டார்கள் என்று செய்தித்தாளில் வந்தாலும், என்ன துப்பாக்கி என்று தேடித் தேடிப் படிக்கிறேன்.

ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கலாம். உன் எண் அச்சை யாராவது இரவல் வாங்கியிருக்கலாம். அப்படியானால் பெயரைச் சொல். உன்னிடம் நூறு தடவை மன்னிப்புக் கேட்கிறேன், சந்தோஷமாகக் கேட்கிறேன்.

அடுத்த மாதம் முதல் தேதி என் அறிக்கை போக வேண்டும். மூடாத எட்டைப் பற்றி எழுதிவிட்டேன். அந்த அச்சு யாருடையது என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதற்குள் நீயே வாய் திறக்காவிட்டால், அதையும் நான் எழுதிவிடுவேன். உன் அத்தான், "தம்பி தானே, விட்டுடேன்" என்கிறார். அந்தக் காவலாளிக்கும் ஓர் அக்கா இருப்பாள் இல்லையா?

எப்போதும் 'எங்கிருந்தாலும் நன்றாக இரு' என்று எழுதித்தான் முடிப்பேன். இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை. இங்கே வந்து நன்றாக இரு.

உன் அக்கா