மலையேறும் முன் ஒரு நாள்

உன் பை என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறது. கடலுக்குள் போகும்போது நீ போடும் ரப்பர் உடை, துடுப்புக் காலணிகள், முகமூடி, வலை அறுக்கும் கத்தி எல்லாம் அதற்குள்தான். ஊட்டியில் வெயிலைப் பார்த்து வெகு நாளாயிற்று. மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும்போதெல்லாம் அந்த உடை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கடல் நாற்றத்தை வெளியே விடுகிறது. உப்பும் ரப்பரும் கலந்த நாற்றம். இன்று காலை காபி டம்ளரோடு அங்கே போய் நின்றேன். காபி ஆறிப்போனது. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பையைக் கொண்டுவந்தது உன் மனைவி. இந்த வருடக் கோடை சீசன் தொடங்கும் முன் ஒருநாள், ஆட்டோவில் வைத்துத் தானே தூக்கி வந்தாள். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"அண்ணா, இத எங்கூட்ல வெச்சுக்க முடியலீங்க. புள்ள கண்ணுல படக்கூடாது. எங்கன்னு கேட்டா வித்துட்டேன்னு சொல்லிருவேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

மறுவாரமே உன் மகள் வந்தாள். குன்னூரில் வேலை முடிந்து நேராக, அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிட்டாள். "பை இங்கதான் இருக்கும்னு தெரியும் மாமா. அம்மாவுக்கு ஒளிச்சு வெக்கறதுக்கு வேற யாரு இருக்கறாங்க? அத நீங்களே வெச்சுக்குங்க. அத்தா உடுப்பு எனக்குப் பெருசு. என்னுது வேற இருக்குது." அப்புறம் சிரிப்பு நின்றது. "அத்தா பாதியில விட்ட அந்த வலைய அறுக்கப் போறோம். வண்டிச் சாவி வெச்சுக்க ஆள் வேணும்."

நான் பயந்துபோயிருந்தேன்.

உன்னை முதன்முதலில் பார்க்க வந்தது ஒரு செய்திக்காக. ஊட்டி மார்க்கெட்டில் ஸ்வெட்டர் விற்கும் ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் புதுச்சேரிக்குப் போய் ஆழ்கடலில் மூச்சுவிடக் கற்றுக்கொண்டு, சீசன் நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு மன்னார் வளைகுடாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். படத்தோடு போட்டால் நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். உன் பக்கத்துக் கடைக்காரர் 'ஊட்டி' என்று பெயிண்டில் எழுதிய சங்குகளையும் சிப்பிகளையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நீ அவற்றை உன் கடையிலிருந்து எடுத்துவிட்டதில் அவருக்கு இளக்காரம். "ஏனுங்க பாய், சங்கு கெடக்கறது கடல்ல. விக்கறது மலையில. நடுவால உங்களுக்கென்னங்க வருத்தம்?" என்றார். "கெடந்தத எடுக்கலீங்க, உசுரோட எடுத்துக் கொதிக்க வெச்சது. அதான் வருத்தம்" என்றாய் நீ. அவர் உனக்கும் சேர்த்து டீ சொன்னார். ஆனால் சங்குகள் அங்கேயேதான் இருந்தன. இப்போதும் இருக்கின்றன.

என்னிடம் நீ சொன்னது ஒன்றுதான். "என்னையப் பத்தி எழுதாதே. வலையப் பத்தி எழுது."

வலையைப் பற்றி எழுத வேண்டுமானால் கூடவே போக வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. படகில் உட்கார்ந்து உங்கள் மூச்சுக் குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ, எமரால்டு ஊர்ப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி மெக்கானிக், குன்னூர்ப் பள்ளி ஆசிரியை, பிறகு உன் மகள் என்று நான்கு மலைக்காரர்கள். வனத்துறை அனுமதி வாங்கி, கடல் ஆராய்ச்சிக்காரர்கள் காட்டிய இடத்தில் மட்டும் இறங்குவீர்கள். காற்றில் அறுந்துபோன வலை பவளப்பாறை மேல் போய் விழுந்தால் அங்கேயே மீன்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நீ சொன்னபோது எனக்குப் புரியச் சற்று நேரமானது. வலைக்கு ஆள் இல்லை. பிடித்ததை எடுக்கவும் யாரும் வரப்போவதில்லை. மீன் செத்து அழுகும், அதைத் தின்ன நண்டு வரும், நண்டும் மாட்டும்.

"இழுக்காதே, அறு." இதை ஒவ்வொரு தடவையும் இறங்கும் முன் சொல்வாய். இழுத்தால் வலையோடு பவளமும் பெயர்ந்து வரும். ஓரத்திலிருந்து கையளவு கையளவாக அறுக்க வேண்டும். உயிரோடு சிக்கியிருப்பதை முதலில் விடுவிக்க வேண்டும். எதன் மேலும் கால் பட்டுவிடாமல் மிதக்க வேண்டும். அறுக்க வலை இல்லாத நாளில் ஒரே பாறையை ஒரே கோணத்தில் படம் எடுத்து வருவீர்கள், போன வருடத்துப் படத்தோடு வைத்துப் பார்க்க. "கரையில இருக்கறவங்களுக்குத் தெரியாதத நாங்க பாக்கறோம். பாத்தத ஒழுங்கா வந்து சொல்லோணும். அது உன்ற தொழிலுதானப்பா நிருபரே" என்றாய்.

மீனவர்களிடம் நீ ஒருநாளும் யாருடைய வலை என்று கேட்டதில்லை. படகுக்காரர் அதைத் தானே ஒருமுறை சொன்னார். "என் வலையா இருந்தாலும் இருக்கும் பாய். காத்துல அறுந்து போனதுக்கு நா வீட்டுல ரெண்டு நாள் சாப்பிடல. வேணும்னேவா போட்டோம்?" அதற்கப்புறம் எங்கே வலை கிடக்கிறது என்று அவரே சொல்லி அழைத்துப் போனார்.

என் வேலை மலையடிவாரத்தில்தான் தொடங்கும். ஆழத்தில் இருக்கும்போது ரத்தத்தில் கரைந்த காற்று, மேலே வந்தபின் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அது வெளியேறும் முன் மலையேறினால், மூடியைத் திறந்த சோடா போல உடம்புக்குள் குமிழி கட்டும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் நனைந்த தலையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். நாம் மட்டும் மேட்டுப்பாளையத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, எதிரே நம் மலையைப் பார்த்தபடி ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், கடையில் கூட்டம், ஃபேக்டரியில் லீவு இல்லை என்று ஆளுக்கொரு அவசரம் வரும். அதனால் கடலில் இறங்காத ஆளிடம் வண்டிச் சாவி இருக்க வேண்டும் என்று விதி வைத்தாய். அறுத்த வலையிலிருந்து எடுத்த மிதவைத் துண்டில் சாவியைக் கோத்து என்னிடம் கொடுத்தாய். "நானே கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதே." ஆசிரியை கிண்டலடித்தார். "கடலுக்கு வந்து பஜ்ஜி தின்னதுக்கு சார் இந்த வேலையாவது செய்யட்டுங்க."

போன வருடக் கோடையில், கடைசித் தடவை, நான் உங்களோடு இல்லை. கண் அறுவை முடிந்து கட்டோடு படுத்திருந்தேன். மகளும் வரவில்லை. சாவி உன்னிடமே இருந்தது.

அந்த வலை பெரியது. பாதி அறுத்துவிட்டு மேலே வந்திருக்கிறாய். கரையில் போன் அடித்தது. கோடை மழையில் வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது, சுவர் சாய்கிறது, வீட்டில் தாயும் மகளும் மட்டும். மற்றவர்கள் தடுத்தார்கள். மேட்டுப்பாளையத்தில் நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். நிறுத்தவில்லை. விடியும்போது மலைப்பாதையில் பர்லியாறு. அங்கேயே தோள் வலித்தது. வலையை அறுத்த கைதானே என்று நினைத்தாய். குன்னூரில் கால் மரத்தது. கீழே இருந்து வருகிறோம், குளிர்தான் என்று நினைத்தாய். மலையில் பிறந்தவர்கள் மட்டுமே அப்படி நினைப்போம். நமக்கு எந்த நடுக்கமும் குளிர்தான். வண்டியைக் கீழே திருப்ப வேண்டிய இடத்தில் மேலே ஓட்டினாய். வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது உன்னால் இறங்க முடியவில்லை. சுவர் நின்றுகொண்டிருந்தது.

அதற்குள் மலைப்பாதையில் மரம் சாய்ந்து மண் விழுந்துவிட்டது. கோத்தகிரி வழியாக உன்னைக் கீழே இறக்கி, உடம்பை மறுபடி ஆழத்து அழுத்தத்தில் வைக்கும் அழுத்த அறை இருக்கும் ஊருக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்திருந்தது. கால்கள் திரும்பவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் படுக்கையில் இருந்தாய். புண், காய்ச்சல், பிறகு நுரையீரல். நான் வரும்போதெல்லாம் ஒன்றையே சொன்னாய். "மிச்ச வலை அங்கயேதான் கெடக்குது. இந்நேரம் என்னத்தப் புடிச்சிருக்குமோ." கடைசி வாரத்தில் உனக்குப் பேச்சு குறைந்தது. அப்போதும் விரல் இரண்டைக் கத்தரி மாதிரி அசைத்துக் காட்டினாய்.

அதனால்தான் உன் மகளிடம் மறுக்க என்னால் முடியவில்லை. உன் மனைவியிடம் போய்ச் சொன்னது நான்தான். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே மாதம் போனோம். படகு அதே படகுதான். கடல் சுடுதண்ணீர் மாதிரி இருந்தது என்று மெக்கானிக் சொன்னார். நான் குமிழ்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நீண்ட நேரம் கழித்து உன் மகள் மேலே வந்தாள். முகமூடியைக் கழற்றவில்லை.

"மாமா, அது மேல இன்னொரு வலை விழுந்து கெடக்குது."

பின்னாலேயே ஏறிவந்த ஆசிரியை மிச்சத்தைச் சொன்னார். நீ வருடா வருடம் படம் எடுத்த பாறை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடக்கிறதாம். வெளுத்தது எல்லாம் செத்ததில்லை, சூடு தணிந்தால் சிலது பிழைக்கும் என்று நீ சொல்வாயே, அதை நாங்கள் ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம். எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. அனுமதி இருந்த மட்டும் இறங்கி அறுத்தார்கள். புது வலையில் முக்கால், உன் வலையில் ஓர் ஓரம். அறுத்ததற்குள் ஒரு ஆமை ஓடு இருந்தது, ஆமை இல்லை.

மேட்டுப்பாளையம் வந்து லாட்ஜில் தங்கினோம். மாலையில் மலை முழுக்க மழை மூட்டத்தில் கருத்தது. உன் மகளுக்குப் போன் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண். பேசி முடித்தவள் என் எதிரே வந்து கையை நீட்டினாள்.

"சாவி குடுங்க மாமா. பின்னால மறுபடி மண்ணு சரியுதாம். அம்மா தனியா இருக்கறாங்க."

"குடுக்க முடியாதும்மா."

"அப்ப பஸ்ஸுல போறேன்."

"நானும் கூட வர்றேன். பர்லியாறுல உனக்குத் தோள் வலிச்சா நான் என்ன செய்யோணும்னு மட்டும் சொல்லிக் குடு."

அவள் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. உன் முகம்தான் அது. "நீங்க மனுசனே இல்லீங்க" என்றாள். ஆசிரியை அவளைப் பிடித்து உட்காரவைத்தார். அவள் அழ ஆரம்பித்தபோது நான் சட்டைப் பைக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீடு விழுந்து உன் மனைவிக்கு ஏதாவது ஆனால் இந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்வேன்? சாவியை எடுத்துக் கொடுத்துவிட இருந்தேன். நிஜமாகவே எடுத்துவிட்டேன்.

மறுபடி போன். இந்த முறை உன் மனைவி. மகள் எடுத்ததும் என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். தகரத்தின் மேல் மழை அறையும் சத்தத்துக்கு நடுவே அவள் குரல்.

"அண்ணா, சாவி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?"

"என்கிட்டத்தான்ம்மா."

"குடுத்தராதீங்க. நான் பக்கத்து ஊட்டுக்கு வந்துட்டேன். செவுரு விழுந்தா விழுகட்டும்."

சுவர் விழுந்தது. நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுப் போய்ப் பார்த்தபோது சமையலறை திறந்த வெளியாக இருந்தது. அடுப்பு மேல் சேறு. தாயும் மகளும் அந்தச் சேற்றில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் வெளியே நின்றேன்.

இப்போது கடல் மூர்க்கமாகிவிட்டது. அடுத்த பருவம் வரை யாரும் இறங்க முடியாது. உன் வலை இந்த நிமிடமும் அங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அடுத்த வருடம் மூன்றாவதாக ஒன்று விழுந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. போவதா என்று உன் மகள் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டாள்.

சுவரைத் திரும்ப எழுப்புகிறார்கள். வண்டி உன் வீட்டு வாசலில் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. தாயோ மகளோ இன்னும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.