மும்முறை கடிகை மாறிய வேட்டன் பொருட்டுப் பொன்வாயிலுக்கு விடுத்த ஓலை

மலையில் பெய்த மழை கடல் சேருமுன் எம் வயல்களை விசாரித்துச் செல்க. ஏரும் ஏடும் இளைப்பின்றி இயங்குக. ஏழு துறைகளுக்கும் ஒன்பது மலைகளுக்கும் உரியவராய் நெடுங்கரை நாட்டை ஆளும் கோப்பெருந்திண்ணர் திருவுள்ளப்படி, அவர் ஓலைகளுக்குப் பொறுப்பேற்ற மூத்த அமைச்சன் எயினன் சாத்தன், பொன்வாயில் பெருங்கடிகை என்னும் கல்விச்சாலையின் தலைவரும், நானூறு மாணாக்கர்க்கு நிழலும், இருபதினாயிரம் பேர் அமரும் ஆடுகளத்துக்கு உரியவரும், நூல் மண்டபத்தின் கூரை ஒழுகுவதையும் பொறுத்துக்கொண்டு ஆடுகளத்தின் கூரைக்குச் செப்புத் தகடு வேய்ந்த பெருந்தகையுமாகிய பேராசான் நக்கன் அமுதனார்க்கு எழுதி விடுத்தது.

இங்கு அரண்மனையில் யாவரும் நலம். பங்குனித் திருவிழாவின் சடுகுடு இறுதியாட்டத்தில் கூச்சலிட்டுக் கட்டிக்கொண்ட எம் தொண்டை மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஆகவே வாயால் சொல்ல வேண்டியதையும் சேர்த்து எழுத்தாணியால் சொல்லுகிறோம். ஓலை நீண்டால் பொறுத்தருள்க.

தாங்கள் பட்டுறையிலிட்டு அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. அதில் தாங்கள் வேண்டியவை மூன்று. தங்கள் கடிகையின் ஆட்டக்காரனும் மருத்துவ மாணாக்கனுமாகிய வேட்டன் என்பானின் பெயரை மாணாக்கர் சுவடியிலிருந்து நீக்க வேண்டும் என்பது ஒன்று. அவன் பெற்ற பரிசில்களைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டும் என்பது மற்றொன்று. வரும் சித்திரையில் தங்கள் கடிகையை விட்டுப் போவதாகச் சொல்லித் திரியும் இரு ஆட்டக்காரரைப் போகவொட்டாமல் தடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றுக்கு முன்னும் பின்னும், இக்காலத்து மாணாக்கர்க்குத் தாய்க்கடிகையின் மேல் பற்றில்லை என்று நான்கு ஏடுகளுக்குத் தாங்கள் வருந்தியிருந்தீர்கள். எம் கோமான் அதைக் கேட்டுக் கண் கலங்கினார். அவருக்குச் சிரித்தாலும் கண் கலங்கும்.

பற்றைப் பற்றிப் பேச எமக்கும் சிறிது உரிமை உண்டு. மூன்று தலைமுறையாக இந்நாட்டில், கடிகைக்காக ஆடும் மாணாக்கன் எவரிடமும் எதையும் கைநீட்டிப் பெறலாகாது என்ற விதி இருந்தது. ஆட்டம் தூயது, கல்வி தூயது, இரண்டுக்கும் நடுவில் பொருள் வந்தால் இரண்டும் கெடும் என்று கடிகைத் தலைவர்கள் அவையில் உரைத்தார்கள். அவ்வாறு உரைத்தவர்கள் பல்லக்கில் வந்தார்கள்; அந்தப் பல்லக்குகள் ஆடுகள வாயிலில் வாங்கிய கட்டணத்தில் செய்யப்பட்டவை. ஆட்டம் பயிற்றும் ஆசானுக்கு இரண்டு குதிரையும் ஒரு தோட்டமும் இருந்தன. ஆட்டக்காரனுக்கு ஆட்டம் முடிந்ததும் ஒரு கலயம் மோர் உண்டு. அம்மோரைத் தாளிக்கலாமா என்று ஐயம் எழுந்தபோது, வெறும் மோர் உணவு, தாளித்த மோர் ஊதியம் என்று அவை தீர்ப்பளித்தது. தாளித்த மோரைக் குடித்த குற்றத்துக்காக இரண்டு இளைஞர் ஓராண்டு களத்தில் இறங்கவில்லை. அத்தீர்ப்பை இளமையில் அழகிய நடையில் எழுதியவன் யாமே. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அதற்காக எமக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பின்னர் மாணாக்கரே ஒன்றுகூடி அரண்மனை வாயிலில் வந்து நின்றார்கள். எம் கோமான் கேட்டார், மறுநாளே ஆணையிட்டார். ஆட்டக்காரன் தன் பெயருக்கும் முகத்துக்கும் வணிகர் தருவதைப் பெறலாம். ஆண்டுதோறும் சித்திரையில் பதினைந்து நாள், கோட்டைக் கதவில் திட்டிவாயில் என்னும் சிறுகதவு திறப்பதுபோல், விரும்பினால் ஒரு கடிகையை விட்டு மற்றொன்றுக்குப் போகலாம். ஆசான்கள் நெடுங்காலமாகச் செய்துவந்ததை மாணாக்கரும் செய்யலாம் என்பதற்கு மேல் அவ்வாணையில் ஒன்றுமில்லை. ஆயினும் கடிகைத் தலைவர்கள் அதைக் கேட்டு, கல்வி அன்றே மாண்டதென அழுதார்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்று மாலையே எண்ணெய் வணிகரையும் அணிகலன் வணிகரையும் அழைத்து, யாருக்கு யாரை வாங்குவது என்று பேசத் தொடங்கினார்கள் என்பதும் எம் ஒற்றர் சொல்லி யாம் அறிந்ததே.

வேட்டன் உப்பு வண்டி ஓட்டும் பூதனின் மகன். குறுமலைக் கடிகையில் மருத்துவம் கற்கச் சேர்ந்தான். கால் நீளமாக இருந்ததால் சடுகுடுவிலும் சேர்க்கப்பட்டான். தந்தையின் வண்டிமாடுகள் இரண்டும் ஒரே கோடையில் இறந்தன. அவ்வாண்டுச் சித்திரையில் ஆற்றங்கால் கடிகையின் ஆர்வலர்கள் ஒரு சோடி மாடு தருவதாகச் சொன்னார்கள், போனான். மறு ஆண்டு ஆற்றங்காலின் ஆசான் நெய்தல்துறைக்குப் போனார். தம் மூட்டைகளோடு அவனையும் கொண்டு போனார். அதற்கு மறு ஆண்டு தங்கள் ஓலை அவனைத் தேடிப் போயிற்று; கூடவே வணிகர் பேரால் இன்னொரு சோடி மாடும், துணியும், ஒரு வீடும் போயின. நான்கு கடிகைகளிலும் அவன் மருத்துவ நூலை முதலிலிருந்தே தொடங்கினான். ஏனெனில், பிற கடிகையில் கற்ற பாடம் எம் கடிகையில் பாடமாகாது என்பது எல்லாக் கடிகைகளும் ஒருமித்துப் போற்றும் கொள்கை. பிற கடிகையில் கற்ற ஆட்டம் மட்டும் எல்லா இடத்திலும் ஆட்டமாகவே கொள்ளப்படும். ஆகவே காய்ச்சலைப் பற்றிய முதல் அதிகாரத்தை நான்கு முறை கற்ற ஒரே மருத்துவ மாணாக்கன் இந்நாட்டில் அவனே. காய்ச்சலில் அவனை மிஞ்ச ஆளில்லை. எலும்பில் ஒன்றும் தெரியாது.

இனி இறுதியாட்டம். தங்கள் எழுவரும் குறுமலையின் எழுவரும் மோதினர். புள்ளிகள் சமமாக நிற்க, கடைசிப் பாட்டுக்கு வேட்டன் நடுக்கோட்டைத் தாண்டினான். பாடிச் செல்பவன் தன் கடிகையின் அடியையே மூச்சு விடாமல் பாட வேண்டும் என்பது நம் வழக்கம். பொன்வாயிலின் அடியைப் புலவர் ஒருவர் பொன் பெற்றுக்கொண்டு நான்கு வரியில் இயற்றியிருக்கிறார். அதை ஒரே மூச்சில் சொல்லுவது அப்புலவர்க்கே அரிது. குறுமலையின் அடியோ, "குறுமலை குறுமலை, குதிச்சு வா குறுமலை" என்பது. அதை இயற்றியவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. கோட்டைத் தாண்டிய வேட்டன், தன் பழைய தோழர் அறுவரை எதிரே கண்டதும், குதிச்சு வா குறுமலை என்று பாடினான். பாடிக்கொண்டே மூவரைத் தொட்டான். நால்வர் அவன் மேல் விழுந்தார்கள். முழங்கால் முறிந்த ஓசை எம் இருக்கை வரை கேட்டது. மூச்சை விடாமல் கையால் ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டான். கூட்டம் எழுந்து ஆர்த்தது, யாமும் ஆர்த்தோம். நடுவர் மட்டும் எழாமல் பழைய விதிச் சுவடியைக் கொண்டுவரச் சொன்னார்.

பாட்டு எவருடையதோ புள்ளியும் அவருடையதே என்று அச்சுவடியில் இருந்தது. இயற்றிய நாள் முதல் அவ்விதி ஒருமுறையும் வேண்டப்படவில்லை. ஒருவன் பிற கடிகையின் அடியைப் பாடும்படி பழகியிருக்க அந்நாளில் வழியேது? மூன்று புள்ளியும் குறுமலைக்குப் போயின. கோப்பையும் போயிற்று. மறுநாள் வேட்டனின் பாயும் பெட்டியும் தங்கள் கடிகை வாயிலுக்கு வெளியே வந்தன. அவன் முகம் எழுதிய எண்ணெய்க் குடங்களில் வணிகர் ஒரு மீசையைச் சேர்த்து, அதையே வேறொரு ஆட்டக்காரன் என்று விற்கிறார்கள். முன்பு வாங்கிய குடம் ஒன்று எம் வீட்டிலும் இருக்கிறது. எம் மனைவியார் அதை எறிய மறுத்துவிட்டார்.

எம் கோமான் அவனைக் கட்டிலோடு வரவழைத்து, பொன்வாயிலைக் கெடுக்க வேண்டுமென்றே பாடினாயா என்று கேட்டருளினார். அவன் சொன்னதைச் செம்மொழியில் திருத்தலாகாது என்பது கட்டளையாதலின், சொன்னபடியே எழுதுகிறோம்:

"இல்லீங்க சாமி. எதிர்ல நின்னது எல்லாம் நம்ம பசங்க. பாத்ததும் வாய் தானா பாடிடுச்சு. கோட்டைத் தொட்ட பொறவுதான் என்ன பாடினேன்னே தெரிஞ்சுது. தோத்துட்டோம்னு எனக்கும் அழுகை வந்துச்சுங்க. எனக்குப் பரிசில் ஒண்ணும் வேணாம். எலும்புப் பாடத்துக்கு வர்றப்பல்லாம் கடிகை மாறிப்போச்சு. அதைப் படிச்சு முடிச்சு வைத்தியனாகணும். அதுக்கு ஒரு எடம் குடுத்தாப் போதும்."

அவையில் இருந்த குறுமலைத் தலைவர் அந்துவனார் எழுந்து, எங்கள் பிள்ளையை எங்களிடமே தருக என்றார், பெருந்தன்மையான சொல். ஆனால் குறுமலையில் எலும்புப் பாடம் சொல்ல ஆசிரியர் இல்லை. இந்நாட்டில் அப்பாடத்தை முழுதும் அறிந்தவர் மாசாத்தியார் ஒருவரே. அவரைத் தாங்கள் சென்ற ஆண்டு குறுமலையிலிருந்து இரட்டிப்பு ஊதியத்துக்கு அழைத்துக்கொண்டீர்கள். வந்த நாள் முதல் அவர் ஒரு மாணாக்கனுக்கும் பாடம் சொன்னதில்லை; ஆட்டக்காரரின் கணுக்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். வேட்டன் மருத்துவனாக வேண்டுமானால் அது பொன்வாயிலில்தான் ஆகும். இல்லையேல் ஆகவே ஆகாது. முறிந்த காலோடு உப்பு வண்டியும் ஓட்ட முடியாது.

ஆதலால் தங்கள் விண்ணப்பத்துக்கு விடை எழுதுகிறோம். பரிசிலைத் திரும்பக் கேட்கிறீர்கள். மாடும் துணியும் வீடும் கடிகை தந்தவை அல்ல, வேட்டனின் முகத்தின்மேல் வணிகர் கொண்ட தன்னலமற்ற அன்பு என்று, சென்ற சித்திரையில் தாங்களே கையொப்பமிட்டு அரண்மனைக்கு எழுதிக் கொடுத்தீர்கள். தாங்கள் தராததைத் தாங்கள் எப்படித் திரும்பப் பெறுவது என்று எம் கணக்கரும் எம் தருக்க ஆசிரியரும் மூன்று நாள் வாதிட்டும் விளங்கவில்லை. போகும் இருவரைத் தடுக்கக் கேட்கிறீர்கள். தங்கள் ஆசான் நெய்தல்துறையில் அரை ஆட்டத்தில் எழுந்து தங்களிடம் வந்தபோது, அவரைத் தடுக்கச் சொல்லி ஓர் ஓலை நறுக்கும் தங்களிடமிருந்து வரவில்லை. அவர் வந்த சாலையில்தான் இவர்களும் போகிறார்கள். இடைமறிக்க எமக்கு மனமில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போகும் உரிமை நல்லது. போன இடத்தில் மாணாக்கனாக இருக்கும் உரிமையையும் எம் கோமான் அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதாது விட்டது அரசின் பிழை. ஆணையை வரைந்தவன் என்ற முறையில் அது எம் பிழை. அதனால் கெட்டது ஓர் இளைஞனின் நான்கு ஆண்டு. அதை எண்ணி வருந்துகிறோம். இவ்வரியில் கேலி இல்லை.

வேட்டனின் பெயரை நீக்கக் கேட்கிறீர்கள். அவனை அழைத்தபோது தாங்கள் விடுத்த ஓலையை அவன் பெட்டியில் கண்டோம். மருத்துவ மண்டபத்தில் முதல் வரிசை இருக்கை, மாசாத்தியாரிடம் நேர்ப்பாடம், பட்டம் பெறுமளவும் ஆதரவு என்று தங்கள் முத்திரையோடு அதில் இருக்கிறது. இருக்கையைப் பார்த்துவர ஆளனுப்பினோம். அந்த மண்டபத்தில் ஆட்டக்காரரின் உடற்பயிற்சித் தண்டுகள் அடுக்கப்பட்டிருப்பதாக அவர் வந்து சொன்னார்.

எனவே கோப்பெருந்திண்ணர் ஆணை இது. வேட்டனின் பெயர் பொன்வாயில் சுவடியில் நிற்க. மற்ற மூன்று கடிகைகளில் அவன் கற்றது பாடமாகவே கொள்ளப்படுக. மண்டபத்திலிருந்து தண்டுகள் மூன்று நாளில் வெளியேறுக. அவன் எலும்பு அதிகாரத்தில் தேர்ச்சி பெறும் நாள் வரை, எழுவர் ஆடும் ஆட்டத்தில் பொன்வாயில் கடிகை அறுவரோடே களமிறங்குக. ஏழாம் இடம் அவனுக்காக வெறுமையாக இருக்க. தேர்வை அரண்மனை மருத்துவர்களே நடத்துவார்கள். தங்கள் கடிகை ஆட்டக்காரர்க்கு நடத்திய சென்ற ஆண்டுத் தேர்வின் விடை ஏடுகளை வரவழைத்துப் பார்த்தோம். பதினோரு பேரின் விடைகளும் ஒரே கையெழுத்தில், மிக அழகாக இருந்தன.

இவ்வாணையால் தங்கள் கடிகையில் கல்வியின்மேல் பற்று பெருகும் என்று எதிர்பார்க்கிறோம். வேட்டன் என்ன படித்தான், எந்த ஏட்டில் தடுமாறுகிறான் என்று இனித் தங்கள் ஆசானும், எண்ணெய் வணிகரும், இருபதினாயிரம் ஆர்வலரும் நாள்தோறும் விசாரிப்பார்கள். இந்நாட்டில் எந்த மாணாக்கனுக்கும் அத்தனை பேர் பாடம் கேட்டதில்லை.

பங்குனி இருபத்தெட்டாம் நாள், கயல் முத்திரை இட்டு, எம் கோமான் கண்முன் கட்டி விடுத்தோம். ஓலை கண்ட பொழுதே ஆணை நடப்பதாக; தாழ்த்தியவர் அரண்மனைக்கு வந்து காரணம் சொல்வதாக. இதைக் கொண்டுவரும் பல்லக்கில் வேட்டனும் வருகிறான். மாசாத்தியாரை வாயிலுக்கே வரச் சொல்லுங்கள். முதற்பாடத்துக்கு வேண்டிய முறிந்த எலும்பை மாணாக்கனே கொண்டுவருகிறான்.